மடலும் மறைகாப்பும்

சிலப்பதிகாரத்தை வகுப்பறையில் நடத்தும்போது புறஞ்சேரி இறுத்த காதையை விரைந்து கடந்துவிடும் வழக்கம் நம் ஆசிரியர்களிடையே உண்டு. கதை மதுரையை நெருங்கிவிட்டது. மாணவர் நெஞ்சம் சிலம்பையும் பாண்டியன் அவையையும் எதிர்நோக்கி நிற்கிறது. ஆயினும் அக்காதையில் ஒரு மடல் வருகிறது. மாதவி எழுதிய ஓலையைக் கோசிகன் என்னும் அந்தணன் கொண்டுவந்து கோவலன் கையில் சேர்க்கிறான். ஓலை சுருட்டப்பட்டு மண் இலச்சினை இடப்பட்டிருக்கிறது. அவ்விலச்சினையை மாதவி தன் கூந்தலால் ஒற்றியிருக்கிறாள். ஓலையைப் பிரிக்கும் முன்னரே கூந்தல் நெய்யின் மணம் எழுதியவள் யாரென்பதைக் கோவலனுக்கு உணர்த்திவிடுகிறது. படித்து முடித்து, குற்றம் அவளுடையதன்று எனத் தெளிந்த கோவலன், அம்மடலின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் விடுக்க வேண்டிய செய்திக்கும் பொருந்துவதைக் கண்டு, அதே ஓலையை அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடமே திருப்பித் தருகிறான்.

மாணவர்களிடம் இப்பகுதியைக் கூறும்போது நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. மாதவி எழுதியது கோவலனுக்கு. அஃது அவன் பெற்றோர் கைக்குப் போகும் என்று அவள் அறிவாளா? இசைவு தந்தாளா? கோவலன்மீது பழி சுமத்துவது என் நோக்கமன்று. துயரத்தின் உச்சியில் நின்றவன் அவன். ஆனால் இலச்சினை இடுவது எழுதியவர் கையில் இருக்கிறது, உடைத்தபின் நேர்வது அவர் கையில் இல்லை என்பது அன்றே தமிழர் அறிந்திருந்த செய்தி. கடிதம் எழுதுவோர்க்கும் அதைக் கொண்டுசெல்வோர்க்கும் இடையே உள்ள இந்த நம்பிக்கையையே மறைகாப்பு என்னும் சொல்லால் இக்கட்டுரையில் குறிக்கிறேன். இன்று நம் கடிதங்களைக் கூலி வாங்காமல் சுமந்து செல்லும் இலவச மின்னஞ்சல் நிறுவனங்களிடம் அந்நம்பிக்கை எவ்வாறு வந்து சேர்ந்தது, என்ன ஆயிற்று என்பதைக் காண்போம்.

நான் பிறந்தது பேராக் மாநிலத்தின் ஒரு இரப்பர்த் தோட்டத்தில். எங்கள் லயத்தில் எழுத்தறியாத முதியோர் பலர். தமிழ்நாட்டிலிருந்து கடிதம் வந்தால் அது தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியார் பெயர் வாசித்துக் கொடுப்பார். கடிதம் கைக்கு வருமுன்னரே அதன் செய்தியில் பாதி லயத்திற்குத் தெரிந்துவிடும். ஓரங்களில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. மூலையில் கருமை பூசியிருந்தால் இழவுச் செய்தி. எந்த ஊர் முத்திரை, எவ்வளவு நாள் கழித்து வந்தது, யார் பெயருக்கு வந்தது என்பனவெல்லாம் உறையின்மீதே வெளிப்படையாக இருந்தன. உள்ளே இருப்பதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். எட்டு ஒன்பது வயதில் அந்த ஆளாக நான் ஆனேன்.

கூலி ஒன்றும் வாங்கவில்லை. எப்போதாவது ஒரு கைப்பிடி வறுத்த கடலை கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவருக்கு அவர் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. நிலத்தை அடகு வைத்துவிட்டதாகவும், மீட்க வழியில்லை என்றும் எழுதியிருந்தது. நான் உரக்கப் படித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னையொத்த பையன்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். மாலைக்குள் அது தோட்டம் முழுவதும் பரவியது. என் தந்தையார் கையில் கிடைத்த பிரம்பால் என்னை அடித்தார். அடி வலித்ததைவிட, அந்தப் பெரியம்மா அதற்குப் பின் தம் கடிதங்களை என்னிடம் கொண்டுவராமல் அடுத்த பிரிவிலிருந்த ஒருவரைத் தேடி நடந்து போனதுதான் நெடுநாள் மனத்தில் தங்கியது.

கடிதத்தைச் சுமப்பவனே அதைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் நம் லயங்களில் தோன்றியதன்று. பேரரசுகளே அதை ஒரு கலையாக வளர்த்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னா நகரில் இதற்கென்றே ஒரு மறைவான அலுவலகம் இயங்கியது. வெளிநாட்டுத் தூதர்களுக்குரிய அஞ்சல் பைகள் காலை 7 மணிக்கு அங்கு வரும். மெழுகு முத்திரைகளை உருக்கிப் பிரித்து, வேண்டியவற்றைப் படியெடுத்து, மீண்டும் முத்திரையிட்டு 9.30 மணிக்குள் அஞ்சல் நிலையத்திற்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இத்தாலிய நாட்டு விடுதலைக்காகப் போராடிய மாட்சினி இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1844ஆம் ஆண்டில் தம் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுகின்றன என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. தமக்கு வரும் கடிதங்களுக்குள் கசகசாவையும் மணல்துகளையும் தலைமுடியையும் இட்டு அனுப்புமாறு நண்பர்களிடம் கூறினார். கடிதங்கள் வந்து சேர்ந்தன. உள்ளிட்டவை காணாமற் போயிருந்தன. தாமஸ் டன்கம் என்னும் உறுப்பினர் வழியாக இச்செய்தி நாடாளுமன்றத்திற்கு வந்தது. உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாம் ஆணை பிறப்பித்தே கடிதங்கள் பிரிக்கப்பட்டன என்பது வெளியாயிற்று. நாடே கொதித்தது. அதற்கு நான்காண்டு முன்னர்தான், 1840இல், ஒரு பென்னி கட்டணத்தில் எவரும் எங்கும் கடிதம் அனுப்பலாம் என்ற அஞ்சல் சீர்திருத்தம் வந்திருந்தது. ஏழையும் கடிதம் எழுதத் தொடங்கிய காலம் அது. ஆகவே மாட்சினிக்கு நேர்ந்தது தமக்கும் நேரக்கூடும் என்று எளிய மக்களும் உணர்ந்தார்கள். கட்டணம் குறைந்து கடிதம் பெருகும்போதுதான் மறைகாப்பு எல்லார் கவலையாகவும் ஆகிறது.

1890ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர்களான வாரன், பிராண்டைஸ் இருவரும் ஆர்வார்டு சட்ட இதழில் எழுதிய கட்டுரை, தனிமனிதனைத் தொல்லையின்றி விட்டுவிட வேண்டும் என்பதை ஓர் உரிமையாகவே நிலைநாட்ட முயன்றது. புதிதாக வந்த உடனடிப் புகைப்படமும் செய்தித்தாள்களின் வம்பு மோகமும் அவர்களை அவ்வாறு எழுதத் தூண்டின. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பறைசாற்றின் 12ஆவது உறுப்பு, ஒருவருடைய கடிதப் போக்குவரத்தில் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

அதே 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் விரல்ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பதிவும் தொடங்கியது. அவ்வட்டையின் வழித்தோன்றலே இன்று நம் பையில் உள்ளது. அதிலுள்ள 12 இலக்க எண்ணை ஆசிரியர்கள் ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டும் திங்களும் நாளும். அடுத்த இரண்டு பிறந்த இடத்திற்குரிய குறி. இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். எண் ஒன்றைச் சொன்னாலே ஆளைப் பற்றிய செய்தி மூன்று வெளிப்பட்டுவிடுகிறது. இவ்வெண்ணைத்தான் பள்ளிச் சேர்க்கை முதல் போட்டிகளில் பெயர் கொடுப்பது வரை ஒவ்வொரு தாளிலும் நாம் எழுதி வருகிறோம். இதனைப் பின்னர் மீண்டும் கூற நேரும்.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையைச் செய்து காட்டினார். ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் இடையே அவர் தேர்ந்து வைத்த சுழிக்குறிதான் இன்று உலகெங்கும் முகவரியின் அடையாளமாக நிற்கிறது. அப்போது அவ்வலைப்பின்னலில் இருந்தோர் ஆய்வாளர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஆகவே மடலுக்கு உறை வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் போக்குவரத்து நெறியிலும் உறை இல்லை. வழியிலுள்ள எந்தக் கணினியும் படிக்கக்கூடிய அஞ்சலட்டையாகவே மின்னஞ்சல் பிறந்தது. 1991இல் பில் சிம்மர்மன் என்பவர் மடலை மறைகுறியாக்கும் மென்பொருளை எழுதி எவரும் பயன்படுத்தலாம் என வெளியிட்டார். அது நாட்டின் எல்லை தாண்டிச் சென்றதற்காக அமெரிக்க அரசு அவரை 1996 தொடக்கம் வரை விசாரித்துக்கொண்டிருந்தது. பொதுமக்களோ அம்மென்பொருளின் கடினத்தைக் கண்டு ஒதுங்கிவிட்டனர்.

நம் நாட்டில் 1992இல் ஜாரிங் இணையச் சேவை தொடங்கிற்று. தமிழில் மடல் எழுதும் வழியை நமக்குக் காட்டியவர்களுள் மலேசியரான முத்து நெடுமாறன் முன்னிற்கிறார். அவருடைய முரசு அஞ்சல் என்னும் மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருப்பது பொருத்தமானது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ஆற்றிய பணியும், 1997இல் அங்கு நடந்த தமிழிணைய மாநாடும் தமிழாசிரியர்கள் மறக்கலாகாதவை. அந்நாளில் அனுப்புபவரிடம் ஓர் எழுத்துருவும் பெறுபவரிடம் வேறோர் எழுத்துருவும் இருந்தால், வந்த மடல் யாரும் படிக்கவியலாத குறிகளாய்த் திரையில் நிற்கும். தமிழர் கடிதங்களுக்கு அக்காலத்தில் வாய்த்த மறைகாப்பு அதுவொன்றே என்று நானும் என் நண்பர்களும் நகைத்ததுண்டு.

மின்னஞ்சல் முகவரி என்பது அதுவரை ஒருவருடைய பணியிடத்தோடோ பல்கலைக்கழகத்தோடோ பணம் செலுத்தும் இணையச் சேவையோடோ கட்டுண்டிருந்தது. வேலையை விட்டால் முகவரியும் போயிற்று. அதனினும் முதன்மையானது, அம்மடல்கள் முதலாளியின் கணினி வழியே சென்றமையால் அவர் படிக்கக்கூடும் என்ற அச்சம். கலிபோர்னியாவில் பணியாற்றிய சபீர் பாட்டியா, ஜேக் ஸ்மித் என்னும் இளைஞர் இருவர் தமக்கென ஒரு தொழில் தொடங்க எண்ணினர். அலுவலகக் கணினியில் அதுபற்றி ஒருவருக்கொருவர் எழுத அஞ்சினர். இணைய உலாவியின் வழியாக எங்கிருந்தும் திறக்கக்கூடிய அஞ்சற்பெட்டி இருந்தால் முதலாளியின் கண்ணில் படாது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1996ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளில், ஹாட்மெயில் என்னும் இலவசச் சேவை வெளிவந்தது. மறைகாப்பை வேண்டிப் பிறந்த பிள்ளை அது என்பதை வரலாற்று மாணவர் மறக்கலாகாது.

அதற்கு முதல் போட்டவர்களுள் ஒருவர், ஒவ்வொரு மடலின் அடியிலும் இலவச முகவரி பெற்றுக்கொள்ளுமாறு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வரியே சேவையைப் பரப்பிற்று. எழுதுபவர் தம் அன்னைக்கு எழுதினாலும் அதன் அடியில் விளம்பரம் ஒன்று ஒட்டிக்கொண்டு போயிற்று. ஒன்றரை ஆண்டிற்குள் உறுப்பினர் தொகை 90 இலட்சத்தைத் தாண்டியது. 1997 இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. ஒரு காசும் வாங்காத சேவைக்கு 40 கோடி டாலர் மதிப்பு எவ்வாறு வந்தது? உறுப்பினராகும்போது அவர்கள் தம்மைப் பற்றி எழுதிக் கொடுத்த செய்தியும், நாள்தோறும் அவர்கள் திரையை நோக்கும் கண்களுமே அம்மதிப்பு.

நான் முதல் இலவச முகவரியைப் பெற்றது ஒரு சிற்றூர் இணையக் கடையில், ஒரு மணி நேரத்திற்குச் சில வெள்ளி கொடுத்து. திரையில் வந்த படிவத்தில் பெயர், பிறந்த ஆண்டு, தொழில், நாடு எல்லாம் கேட்டிருந்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் கற்ற ஒழுங்கின்படி ஒரு கட்டத்தையும் விடாமல் உண்மையாக நிரப்பினேன். அரசாங்கப் படிவத்தைப் போலவே அதையும் கருதினேன். யாருக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்று ஒருகணமும் எண்ணவில்லை.

முதல் அதிர்ச்சி 1999 ஆகஸ்டுத் திங்களில் வந்தது. கடவுச்சொல் இன்றியே எவருடைய ஹாட்மெயில் பெட்டியையும் திறக்கும் குறுக்குவழி ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 5 கோடி அஞ்சற்பெட்டிகளின் கதவு திறந்து கிடந்தது எனலாம். சில மணி நேரம் சேவையை நிறுத்திவைத்து அவ்வழியை அடைத்தார்கள். மக்கள் விரைவில் மறந்தார்கள்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. பிற இலவசச் சேவைகள் ஒருவருக்கு 2 அல்லது 4 மெகாபைட் இடம் தந்த காலத்தில் இது 1 ஜிகாபைட் தருவதாகக் கூறியதால், முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் கருதினர். இடம் பெரிது, ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. மடலின் சொற்களைக் கணினி படித்து, அவற்றிற்கு ஏற்ற விளம்பரங்களை அருகிலேயே காட்டும். கூச்சிங்கிலுள்ள தமக்கையைக் காணப் போவதாக ஒருவர் எழுதினால் விமானப் பயணச்சீட்டு விளம்பரம் வரும். படிப்பது மனிதரன்று, பொறியே என்று நிறுவனம் விடையிறுத்தது.

அவ்வாண்டு ஏப்ரலிலேயே 31 உரிமை அமைப்புகள் கூடி அந்நிறுவனத்திற்கு ஒரு திறந்த மடல் எழுதின. அவர்கள் எழுப்பிய வினாக்களுள் ஒன்று இன்றும் கூர் மழுங்காமல் இருக்கிறது. ஜிமெயில் உறுப்பினர் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார், சரி. அவருக்கு வேறொரு சேவையிலிருந்து எழுதுபவர் எதையும் ஏற்கவில்லையே, அவருடைய மடலை ஏன் படிக்க வேண்டும்? மாதவியின் ஓலையைப் பற்றி என் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்விதான் இது. கலிபோர்னியாவின் மேலவை உறுப்பினர் லிஸ் பிகெரோவா இதனைக் கட்டுப்படுத்த ஒரு சட்ட முன்வரைவு கொண்டுவந்தார். மேலவை அதை ஏற்றும் அது சட்டமாகவில்லை. விளம்பரத்திற்காக மடல்களைப் படிக்கும் முறையைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது 2017 ஜூனில்தான். கல்விக்கூடங்களுக்கு வழங்கிய சேவையில் மாணவர் மடல்களை அவ்வாறு படிப்பதை 2014 ஏப்ரலில் நிறுத்தியதாகக் கூறியது. அதற்கு முன் அது நடந்துகொண்டிருந்தது என்பதை நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

விளம்பரம் பொறுத்துக்கொள்ளத்தக்க தொல்லை என்று சொல்வாருக்கு ஷி தாவின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அவர் சீனாவின் ஊனான் மாநிலத்தில் இதழாளராகப் பணியாற்றியவர். 2004ஆம் ஆண்டு, தியானன்மென் நிகழ்ச்சியின் 15ஆவது ஆண்டு நினைவு நெருங்கியபோது, அதுபற்றி இதழ்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. அதன் சாரத்தைத் தம் யாஹூ மின்னஞ்சல் வழியாக வெளிநாட்டிற்கு அனுப்பினார். பெயர் குறிப்பிடவில்லை. ஆனால் அஞ்சற்பெட்டி யாருடையது, எந்த இணைப்பிலிருந்து திறக்கப்பட்டது என்ற விவரம் யாஹூவிடம் இருந்தது. அரசு கேட்டது, நிறுவனம் கொடுத்தது. 2005இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்ட யாஹூவின் தலைவர் ஜெரி யாங், அங்கு வந்திருந்த ஷி தாவின் தாயாரை நோக்கித் தலைவணங்கி வருத்தம் தெரிவித்தார். மகன் வெளியே வந்தது 2013இல். எங்கள் லயத்தில் உறையைப் பார்த்தே செய்தி அறிந்தார்கள் என்று முன்னர்க் கூறினேன். இங்கும் அவரைக் காட்டிக்கொடுத்தது உறையே.

அவர் விடுதலையான அதே 2013ஆம் ஆண்டில் ஜூன் தொடக்கத்தில் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், மைக்ரோசாப்ட், யாஹூ, கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பெயர்களை அமெரிக்க உளவுத் திட்டத்தோடு இணைத்துக் காட்டின. தம் கணினிகளுக்குள் நேரே நுழைய இடம் தரவில்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. அதன்பின் அவை மறைகுறியாக்கத்தை விரைந்து பெருக்கின. 2014 மார்ச்சு முதல் ஜிமெயில் எப்போதும் காப்புடைய இணைப்பின் வழியாகவே இயங்குகிறது. மாட்சினியின் கசகசாவுக்கு நிகரான பணியை அவ்வாவணங்கள் செய்தன என்பது என் கருத்து.

நிறுவனமும் அரசும் ஒருபுறமிருக்க, கள்வர் மறுபுறம். யாஹூவின் பெட்டகத்திலிருந்து 2013இல் நிகழ்ந்த திருட்டை அந்நிறுவனம் 2016 டிசம்பரில்தான் வெளியிட்டது. 100 கோடிக் கணக்குகள் என்றது. 2017 அக்டோபரில் அதைத் திருத்தி, இருந்த 300 கோடிக் கணக்குகளும் என்றது. பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண், மறைவான கேள்விகளுக்கான விடைகள் முதலியன போயின. அந்நிறுவனத்தை வாங்கவிருந்த வெரைசன், இத்திருட்டுகளின் பேரில் 35 கோடி டாலரை விலையில் குறைத்துக்கொண்டது. செய்தியைப் பறிகொடுத்த மக்களுக்குத் தாய்மொழியும் பிறந்த நாளும் மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல.

நம் நாட்டு நிலை வேறன்று. 2011 ஏப்ரலில் நம் அரசே வயதுவந்த குடிமக்களுக்கு இலவச மின்னஞ்சல் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. மடல்களை அரசு படிக்குமோ என்ற ஐயமும், வேண்டாத செலவு என்ற கண்டனமும் எழுந்தன. பின்னர் அது பேசுவாரின்றி மறைந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாணிகத் தொடர்பான செயல்களுக்கே அது பொருந்தும். கூட்டரசும் மாநில அரசுகளும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. 2024இல் செய்த திருத்தம் தண்டத்தை உயர்த்தி, தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தது; அரசு பற்றிய விலக்கை நீக்கவில்லை. மக்களைப் பற்றிய செய்தியை மிகுதியாக வைத்திருப்பவர் எவரோ அவரையே சட்டம் தொடாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. 2017 அக்டோபரில் 4 கோடியே 60 இலட்சத்திற்கு மேற்பட்ட கைப்பேசி எண்களுக்குரிய விவரங்கள் கசிந்தது வெளியானபோது நம் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம். அவ்விவரங்களுள் வீட்டு முகவரியும் முன்பு நான் குறிப்பிட்ட அடையாள அட்டை எண்ணும் இருந்தன.

பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜூன் 15ஆம் நாள் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கியது. முதலாம் ஆண்டு மாணவனுக்கும் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. பிறர் கடிதத்தை நான் எட்டு வயதில் படித்தேன். இன்றைய பிள்ளை ஏழு வயதில் சொந்த முகவரி பெறுகிறது.

இறுதியாக, என் தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் பள்ளி வேலைக்கும் சொந்த இலவச முகவரியையே பயன்படுத்தி வந்தோம். மாணவர் பெயர்ப்பட்டியல், பிறப்புப் பத்திரத்தின் படி, பெற்றோர் வருமானச் சான்று எல்லாம் அதில் வந்து குவிந்தன. தேடினால் கிடைக்கும், இடம் குறையாது, செலவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் துணைத் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு நள்ளிரவில் மடலொன்று வந்தது. கடவுச்சொல்லை உறுதி செய்யாவிடில் 24 மணி நேரத்தில் அஞ்சற்பெட்டி மூடப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அஞ்சல் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் உள்ளே சென்று கடவுச்சொல்லை எழுதினேன். காலையில் என் பெயரால், நான் வெளியூரில் பணப்பையைத் தொலைத்துவிட்டதாகவும் உடனே கடன் அனுப்புமாறும் அறிந்தவர் அனைவருக்கும் மடல்கள் போயிருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 800 வெள்ளி அனுப்பியும் விட்டார். அவருக்கு அத்தொகையை நான் திருப்பிக் கொடுத்தேன். அது எளிதில் முடிந்தது.

முடியாதது மற்றொன்று. அப்பெட்டியில் ஏழை மாணவர் உதவிக்காக 41 குடும்பங்கள் கொடுத்த தாள்கள் இருந்தன. யாரும் அவற்றைத் திறந்தார்களா, படியெடுத்தார்களா என்பதை அறிய வழியில்லை. தலைமையாசிரியரிடம் கூறினேன். அவர் பெற்றோரை அழைத்துச் சொல்லத்தான் வேண்டும் என்றார். கூட்டத்தில் நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். எங்களிடம் திருட என்ன இருக்கிறது ஐயா என்று ஒருவர் சிரித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் மட்டும் கூட்டம் முடியும்வரை காத்திருந்து அருகில் வந்தார். மணவிலக்குப் பெற்றதற்கான நீதிமன்றத் தாளை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தவர் அவர்.

“ஐயா, என் அண்ணன்மாருக்கும் சொல்லாததை உங்களை நம்பித்தானே கொடுத்தேன். அதை இனித் திருப்பி வாங்க முடியுமா?” என்று கேட்டார்.

“முடியாதம்மா,” என்றேன்.

அன்றிரவு தொடங்கி மூன்று இரவுகள் உட்கார்ந்து அப்பெட்டியிலிருந்த பள்ளித் தாள்கள் அனைத்தையும் அழித்தேன். அழித்தவற்றின் படிகள் நிறுவனத்தின் காப்புக் கணினிகளில் சிலகாலம் இருக்கக்கூடும் என்று நிபந்தனைத் தாளில் எழுதியிருந்ததை அப்போதுதான், பல ஆண்டுகள் கழித்து, முதன்முறையாகப் படித்தேன்.

இரண்டாண்டு கழித்து அந்தத் தாய் தம் இளைய மகளைச் சேர்க்க வந்தார். நான் அப்போது தலைமையாசிரியர். படிவத்தை வாங்கி, மேசையோரம் அமர்ந்து நிதானமாக நிரப்பினார். தந்தை பற்றிய பகுதியில் இரண்டு கட்டங்களையும் மின்னஞ்சல் கட்டத்தையும் வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். நான் அதைப் பார்த்தேன். கையொப்பமிட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.